சப்பாத்திக்குள் சோறு

ஒவ்வொரு ஆண்டும் என் மனைவியின் திதியன்று மாலையில் மகன் ஒரு புரிட்டோ வாங்கி வந்து, அதன் அலுமினியத் தாளைப் பாதி உரித்து, அவள் படத்துக்கு முன்னால் வைப்பான். “அம்மாவுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்” என்பான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பான். அவன் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அம்மாவுக்காக அவன் தானாகச் செய்கிற ஒரே சடங்கு அதுதான்.

அவளுக்கு அது பிடித்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் அதைச் சாப்பிட்டிருக்கக் கூடாது என்பது தெரியும். அதற்குள் சோறு இருந்தது. சோறில்லை என்று அவளிடம் சொன்னவன் நான். இதை மகனிடம் சொல்லிவிடுவதா, அல்லது அம்மாவைப் பற்றி அவனிடம் மிச்சமிருக்கிற அந்த ஒரு சந்தோஷத்தை அப்படியே விட்டுவிடுவதா? அவள் போன சில வாரங்களிலிருந்து எனக்கு வேறு பெரிய கேள்வி எதுவும் இருக்கவில்லை.

புரிட்டோவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது டார்ட்டில்லா என்கிற, மைதாவில் செய்த மிகப் பெரிய சப்பாத்தி. அதன் நடுவில் வேகவைத்த பீன்ஸ், வதக்கிய குடமிளகாய், தக்காளி, வெங்காயம், மசித்த அவகாடோ எல்லாம் வைத்து, கைக்குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல இறுக்கிச் சுற்றித் தருவார்கள். கலிபோர்னியாவில் பெரும்பாலான கடைகளில் இவற்றோடு ஒரு பெரிய கரண்டி சோறும் உள்ளே போகும். அப்படிச் சோறு வைப்பது சரியா தவறா என்று இங்கே ஆளாளுக்கு ஒரு கட்சி கட்டுவார்கள். அது ருசியைப் பற்றிய சண்டை. எங்கள் வீட்டில் விஷயம் வேறு.

மகன் மேல்படிப்புக்காக விமானம் ஏறிய வாரத்திலிருந்து என் மனைவி சனிக்கிழமை ஒருபொழுது இருந்தாள். பகலில் ஒருவேளை சோறு. இரவில் இட்லி, தோசை, உப்புமா, சப்பாத்தி என்று ஏதாவது ஒரு பலகாரம். கண்காணாத இடத்தில் இருக்கிற பிள்ளை நல்லபடியாக இருக்க வேண்டும் என்று பெருமாளோடு அவள் செய்துகொண்ட ஏற்பாடு அது. நான் சென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். சும்மா இருக்க மாட்டேன்.

“இட்லியும் அரிசிதானே?”

“அரைச்சு ஆவியில வெச்சுட்டா அது வேற.”

“ஸ்டார்ச் ஸ்டார்ச்தான்.”

“அதை உங்க காலேஜ்ல சொல்லுங்க. பெருமாளுக்கு நான் சொல்லிக்கறேன்.”

மகனின் திருமணம் முறிந்த பிறகு, அவன் தனியாக இருக்க வேண்டாமென்று நாங்கள் இருவரும் அவன் இருக்கிற பிளசன்டன் ஊருக்கு வந்து சேர்ந்தோம். கிரீன் கார்டும் கிடைத்தது. மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம் என்று சொல்லலாம். அவன் மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மீட்டிங்கில் இருப்பான். கீழே நாங்கள் பாத்திரங்களைக்கூடச் சத்தமில்லாமல் வைப்போம். இறங்கி வந்தால் காபி எடுத்துக்கொண்டு மறுபடி ஏறிவிடுவான். சாப்பாட்டுத் தட்டும் மாடிக்குப் போய்விடும்.

“இப்பதான் அவன் பக்கத்துலயே இருக்கானே. சனிக்கிழமையை விட்டுடலாமே” என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன்.

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். “பக்கத்துலயா இருக்கான்?” என்றாள்.

சனிக்கிழமை மட்டும் அவன் எங்களுக்குக் கிடைத்தான். மதியம் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்ப் பழைய நண்பர்களோடு பேட்மின்டன் ஆடுவான். இருட்டுவதற்குள் திரும்பி வந்து எங்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவான். அப்படி ஒரு சனிக்கிழமை, அங்கே மிஷன் பகுதியில் ஒரு கடையிலிருந்து மூன்று புரிட்டோ வாங்கிக்கொண்டு வந்தான். வரும் வழியில் பாலத்தில் ஏதோ விபத்து. ஃப்ரீவேயில் வெகுநேரம் நின்றிருக்கிறான். ஆனாலும் வாசலில் நுழையும்போது அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. விவாகரத்துக்குப் பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

“அம்மா, இன்னைக்கு கிச்சனுக்கு லீவு.”

“டேய், எனக்கு இன்னைக்கு சனிக்கிழமைடா.”

“தெரியும்மா. நீ சப்பாத்தி சாப்பிடுவேல்ல? இது பெரிய சப்பாத்தி, அவ்ளோதான். உள்ள பீன்ஸ், காய். ப்யூர் வெஜ். கேட்டு கேட்டு வாங்கியிருக்கேன். பின்னாடி நின்னவன் என்னை அடிக்காத குறை.”

உண்மையிலேயே கேட்டுத்தான் வாங்கியிருந்தான். நம்மவர்கள் அந்தக் கடைகளில் கேட்கிற எல்லாவற்றையும் கேட்டிருந்தான். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா, இறைச்சி எடுத்த கரண்டியா, கையுறையை மாற்றினார்களா என்றெல்லாம். அம்மாவின் விரதத்தை மறக்கவுமில்லை. ஆனால் இத்தனை வருடம் அதைத் தின்று பழகியவனுக்கு உள்ளே இருப்பது வெறும் ஃபில்லிங். அதில் ஒரு பகுதி, அம்மா இரவில் தொடாத சோறு என்பது அவன் மண்டையில் ஏறவில்லை. அவளுக்கும் சந்தேகம் வரவில்லை. சப்பாத்திக்குள் சோற்றை வைத்துக் கட்டுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாருக்குத் தோன்றும்?

அவன் குளிக்க மாடிக்குப் போனான். எனக்குப் பசி. உரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டேன். இரண்டாவது வாயில் சோறு தட்டுப்பட்டது. அவள் அப்போதுதான் முதல் வாய் கடித்தாள். மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“ஏங்க, இது சோறு மாதிரி இருக்கே.”

“சோறில்ல. இந்த ஊர் தானியம் ஏதோ. சாப்பிடு” என்றேன்.

அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் யோசனை தேவைப்படவில்லை. அவன் சிரிப்பு கெட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று வெகுநாள் என்னையே நம்பவைத்திருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவள் எழுந்துபோய் உப்புமா கிளற ஆரம்பித்தால் என் புரிட்டோ ஆறிவிடும் என்பது. அவள் சோறில்லாமல் இருப்பதை நான் ஒருநாளும் பெரிய விஷயமாக மதித்ததில்லை என்பதும் உண்டு.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நீங்க சொன்னா சரி” என்றாள். பிறகு தின்றாள்.

மகன் ஈரத்தலையோடு இறங்கி வந்தான். “எப்படிம்மா இருக்கு?”

“நல்லாருக்குடா. வயிறு ரொம்பிடுச்சு.”

அதன்பிறகு சனிக்கிழமை என்றால் புரிட்டோதான். அவள் அதன் பேரைக் கடைசிவரை சொல்லவில்லை. பொட்டலம் என்பாள். மாலையில் ஜன்னலோரம் நின்றுகொண்டு, “பொட்டலம் வர்ற நேரமாச்சே, இன்னும் காணோமே” என்பாள். காரை நிறுத்தும்போதே அவள் நிற்பது அவனுக்குத் தெரியும். “பாருங்கப்பா, அம்மா அடிக்ட் ஆயிட்டா” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவான். அவள் யாருக்காக ஜன்னலில் நின்றாள் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் அன்று தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து நடந்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மேசையில் மூன்று பேரும் இருந்தோம். எனக்கு அன்று வாதம் பண்ணும் உற்சாகம்.

“சப்பாத்திக்குள்ள எவனாவது சோத்தை வைப்பானாடா? ரெண்டும் மாவுச்சத்து. ஒண்ணு போர்வை, ஒண்ணு மெத்தை. நடுவுல படுக்க ஆளில்ல.”

“அப்பா, மசால் தோசைன்னா என்ன? அரிசிக்குள்ள உருளைக்கிழங்கு. அதை மட்டும் ரெண்டா முழுங்கறீங்க.”

“உருளைக்கிழங்கு காய்.”

“கெமிஸ்ட்ரி ப்ரொஃபசர் பேசற பேச்சா இது?”

“உன் ஆபீஸ்ல அந்த மெக்சிகோ பையனே சொன்னான்னு சொன்னியே, அவங்க அம்மா உள்ள சோறு வைக்கவே மாட்டாங்கன்னு.”

“அது அவங்க வீடு. இது மிஷன் ஸ்டைல். ரைஸ் இல்லேன்னா சாறெல்லாம் கீழ இறங்கி டார்ட்டில்லா பிஞ்சுடும். இன்ஜினியரிங்ப்பா இது.”

இப்படி வெகுநேரம் போனது. சோறு, சோறு என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவளிடம் அது சோறில்லை என்று சொல்லியிருந்தது எனக்கு நினைவிலேயே இல்லை. அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து, கையிலிருந்த பொட்டலத்தின் தாளை ஒரு சுற்று உரித்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, இன்னொரு வாய் கடித்தாள். தலை நிமிரவில்லை. எங்கள் பேச்சில் அவளுக்குக் கவனமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன், வெள்ளிக்கிழமை இரவுகளில் அவள் சோறு போட்டுக்கொள்ளாததைக் கவனித்தேன். எனக்குச் சோறும் குழம்பும் போட்டுவிட்டு, அவள் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவாள். கேட்டால் “பசிக்கலீங்க” என்பாள். வாரா வாரம் இதே பதில். எனக்கு எரிச்சல் வந்தது. சர்க்கரை வந்திருக்குமென்று நானே முடிவு செய்து, மகனைவிட்டு அப்பாயின்மென்ட் வாங்கவைத்து, ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். எல்லாம் சரியாக இருந்தது. “நான்தான் சொன்னேனே” என்றாள், காரில் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் இதயம் ஒரு காலைவேளையில் நின்றுவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

அவளோடு தினமும் நடக்கப் போகிற ஒரு அம்மா எங்கள் குடியிருப்பில் உண்டு. மதுரைப் பக்கத்துக்காரர், மகள் வீட்டில் இருக்கிறார். காரியங்கள் எல்லாம் முடிந்த சில வாரங்களில், நடைபாதை ஓரப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தபோது அவர் வந்து நின்றார்.

“சார், சாப்பாடெல்லாம் என்ன பண்றீங்க?”

“ஏதோ நடக்குது. சனிக்கிழமை மட்டும் பையன் வாங்கிட்டு வருவான்.”

“அந்தப் பொட்டலமா?” என்று சிரித்தார். “அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அதுக்காகத்தானே பாவம் சனிக்கிழமையை வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கிட்டாங்க.”

எனக்குப் புரியவில்லை.

“உங்களுக்குத் தெரியாதா சார்? அதுல சோறு இருக்கே. பையனுக்கு வாரத்துல அந்த ஒருநாள்தான் தோதுப்படுது, வேணாம்னா முகம் வாடிப்போகும், பெருமாள் ஒருநாள் முன்னே பின்னே பொறுத்துக்குவார்னாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானேன்னு நான் கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

அவர் தயங்கினார். “அவரு சோறில்லன்னு சொல்லிட்டாரு. இப்ப நான் போய்ச் சொன்னா அவருக்குச் சங்கடமாயிடும்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க சார்.”

நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். காய்ந்து மஞ்சளாகிவிட்ட மலைகளைப் பார்த்துக்கொண்டு, அன்று மேசையில் நான் சோறு, சோறு என்று கத்திக்கொண்டிருந்ததை நினைத்தேன். முதல் வாயிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தடவை பொய் சொல்லி, பிறகு அவள் எதிரிலேயே அதை மறந்துபோனவனை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. ரத்தம் எடுக்கக் கையை நீட்டியபோதும் காரணத்தைச் சொல்லவில்லை.

முதல் திதி வந்தது. மகன் பொட்டலத்தை வைத்தான். திதியன்று இரவு யாருமே சோறு சாப்பிடக் கூடாது. படத்துக்கு முன்னால் அது இருந்தது. “அம்மாவுக்கு நான் ஒண்ணுமே பண்ணலப்பா. இது ஒண்ணுதான்” என்றான் அவன். அதற்கு மேல் எதைச் சொல்வது? அடுத்த ஆண்டும் அப்படியே போயிற்று. சனிக்கிழமைகளில் அவனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து அதைத் தின்றோம். வாதமெல்லாம் நின்றுபோயிருந்தது. தாள் கசங்குகிற சத்தம் மட்டும் கேட்கும்.

இந்த ஆண்டுத் திதியன்று மதியம், அவன் மாடியில் இருக்கும்போது, நானே கடைக்கு நடந்தேன். சூப்பர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு புரிட்டோ கடை உண்டு. இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடச் சொந்தமாக வாங்கியதில்லை. வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் சப்பாத்தியைச் சூடாக்கி விரித்துவிட்டு, “வைட் ஆர் பிரவுன்?” என்றாள். கரண்டி சோற்றுப் பாத்திரத்தில் இருந்தது.

“நோ ரைஸ்” என்றேன்.

அவள் கரண்டியை விட்டுவிட்டு பீன்ஸுக்கு நகர்ந்தாள். ஏனென்று கேட்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மாலையில் மகன் தன் பொட்டலத்தோடு வந்தான்.

“அப்பா, இது என்ன? நீங்க எப்படிப் போனீங்க?”

“நடந்துதான்.”

“எனக்கு மெசேஜ் பண்ணியிருக்கலாமே. சரி, எக்ஸ்ட்ரா இருந்தா இருக்கட்டும்” என்று படத்தின் பக்கம் போனான்.

“அதை வைக்காதே. அதுல சோறு இருக்கு.”

“ஆமா, இருக்கும். ஸோ?”

“அம்மா சனிக்கிழமை ராத்திரி சோறு சாப்பிட மாட்டா.”

பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்ததும் குடுவை முழுக்க நிறம் மாறுவதை ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தவன் நான். அன்று அவன் முகத்தில் அதைப் பார்த்தேன்.

“அம்மாவுக்கு எப்பத் தெரியும்?”

“முதல் நாளே.”

“அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?”

“என்கிட்டக் கேட்டா. நான் சோறில்லன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் உன்கிட்டச் சொன்னா என் பொய் வெளிய வந்துடும்னு விட்டுட்டா. வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கிட்டா.”

“பசிக்கலன்னு சொல்லிட்டிருந்தாளே, அதுவா?”

“அதுதான்.”

“ப்ளட் டெஸ்ட் எடுத்தோமேப்பா.”

“ஆமா.”

அவன் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். “ஒவ்வொரு வாரமும் அந்த லைன்ல நின்னிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஏன்ப்பா சொன்னீங்க அப்படி?”

“நீ சிரிச்சுக்கிட்டே வந்தே. அப்புறம், எனக்குப் பசி.”

இரண்டாவது காரணத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன். அவன் மாடியேறினான். கதவு, மீட்டிங் இருக்கும்போது சாத்துகிற மாதிரியே சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

நான் வாங்கி வந்ததில் ஒன்றை உரித்துப் படத்துக்கு முன்னால் வைத்தேன். இன்னொன்றை மேசையில் உட்கார்ந்து தின்றேன். மகன் சொன்னது சரிதான். சோறில்லாத புரிட்டோ இரண்டாவது வாயிலேயே அடியில் கிழிந்தது. பீன்ஸ் சாறும் தக்காளியும் முழங்கைவரை வழிந்தன. அவ்வளவு ஈரத்தையும் இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது அந்தச் சோறுதான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மீதியைக் கரண்டியால் எடுத்துத் தின்றேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவன் பேட்மின்டனுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினான். நேரே மாடிக்குப் போனான். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்குப் போட்ட பிறகு தண்ணீர் பிடிக்க இறங்கி வந்தான். வாரம் முழுக்க அவன் என்னிடம் பேசியது மிகவும் குறைவு.

“சாப்டீங்களா?”

“ஆச்சு” என்றேன். அது தானாக வந்துவிட்டது. அவன் படியில் கால் வைத்த பிறகு, “இல்லடா, இன்னும் சாப்பிடல” என்றேன்.

திரும்பிப் பார்த்தான். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தான். கடையில் வாங்கிய தோசை மாவு இருந்தது. கல்லைத் தேடி எடுத்து அடுப்பில் வைத்தான். கரண்டியைத் தப்பாகப் பிடித்திருந்தான். நான் சொல்லவில்லை. முதல் தோசையை எனக்கு வைத்தான். அடுத்ததைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு வழக்கம்போல மாடிக்குப் போனான். நான் பிட்டு வாயில் வைத்தேன்.

“எப்படி இருக்குப்பா?” மேலே பாதிப் படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

நல்லாருக்கு என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது.

“நடுவுல வேகலடா” என்றேன்.

பிறகு அவன் தட்டோடு படியிறங்கி வருவது கேட்டது.